வளர்ப்புப் பெற்றோர் விண்ணப்பம் இரண்டு முறை திரும்பிவிட்டது, மூன்றாவது தடவை போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

தையல்காரி காட்பாடி

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் படித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன், இன்று எழுதினால்தான் தூக்கம் வரும் போலிருக்கிறது. எனக்கு 41 வயது, வீட்டுக்காரருக்கு 46. காட்பாடியில் வாடகை வீடு, வீட்டிலேயே இரண்டு மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன், அவர் பால் வண்டி ஓட்டுகிறார், மாமியாரும் எங்களோடுதான். பிள்ளை இல்லை. தத்துக்குப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கும் சொந்தக்காரர்களைப் பார்த்திருக்கிறோம். அப்போதுதான் வளர்ப்புப் பெற்றோர் தேவை என்று பேப்பரில் ஒரு அறிவிப்பு வந்தது. இல்லங்களில் ஆறு வயது தாண்டிய பிள்ளைகள், யாருமே வந்து பார்க்காத பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று போட்டிருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் எழுதிப் போட்டோம்.

முதல் தடவை போலீஸ் சரிபார்ப்பில் நின்றது. இவர் முன்பு ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்த்தபோது கூலி பாக்கிக்காக எல்லோரும் சாலை மறியல் செய்தார்கள், அங்கே இருந்த அத்தனை பேர் மேலும் வழக்கு போட்டார்கள், அதில் இவர் பெயரும் இருந்திருக்கிறது. வழக்கு எப்போதோ முடிந்துவிட்டது, ஆனால் முடிந்ததற்கு எங்கள் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. வக்கீலைப் பிடித்து, கோர்ட்டில் நகல் மனு போட்டு, முத்திரை குத்திய தீர்ப்பு நகல் வாங்குவதற்குள் ஏழு மாதம் ஓடிவிட்டது.

இரண்டாவது தடவை வீட்டு ஆய்வு வரைக்கும் போனோம். சமூகப் பணியாளர் ஒருவர் வந்தார், நல்ல மாதிரியாகத்தான் பேசினார். சமையல் அறை, கழிவறை, பிள்ளை எங்கே படுக்கும், எங்கே படிக்கும் எல்லாம் பார்த்தார். கடைசியில், "பிள்ளையின் அம்மா நிலைமை சரியாகித் திரும்பக் கேட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. "என் வயிற்றில் பிறந்த பிள்ளையாக வைத்துக்கொள்வேன், யார் கேட்டாலும் தரமாட்டேன்" என்று சொன்னேன். என் மனதில் அதுதான் நல்ல பதில். அதற்குள் மாமியார் உள்ளேயிருந்து, "நம்ம ஜனத்துப் பிள்ளையா பாத்துக் குடுப்பீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டார்.

ஒரு மாதம் கழித்து விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்றார்கள். குடும்பத்தில் ஒத்த கருத்து இல்லை, திட்டத்தைப் பற்றிய புரிதல் போதவில்லை. அந்த இரண்டு வரியை எத்தனை தடவை மனதில் ஓட்டிப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. பாசமாக இருப்பேன் என்று சொன்னது குற்றமா? மூன்றாவது தடவை போகலாமா, இல்லை எங்களுக்கு இது கொடுத்து வைக்கவில்லை என்று விட்டுவிடலாமா?

ஒடுகத்தூர் மனோ

படிக்கவே வயிறு எரிகிறது அக்கா. பெற்றுக்கொள்கிறவர்கள் வீட்டில் யாராவது போய்க் கழிவறையைப் பார்க்கிறார்களா? குடித்துவிட்டு அடிக்கிற அப்பன்களுக்கு ஒரு சான்றிதழும் வேண்டாம், ஆசையாகக் கேட்கிற உங்களுக்குப் போலீஸ், டாக்டர், கோர்ட் எல்லாம் வேண்டும். இப்படி வடிகட்டிக்கொண்டே இருந்தால் அந்தப் பிள்ளைகள் 18 வயது வரைக்கும் இல்லத்திலேயே இருக்க வேண்டியதுதான். விடாதீர்கள், கலெக்டரிடம் மனுநீதி நாளில் மனு கொடுங்கள்.

பழைய வார்டன்

தம்பி மனோ, உங்கள் கோபம் புரிகிறது. நான் குழந்தைகள் இல்லம் ஒன்றில் பல வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், அதனால் அந்தப் பக்கம் இருந்தும் கொஞ்சம் சொல்கிறேன்.

அம்மா, முதலில் ஒன்று. வளர்ப்புப் பராமரிப்பு வேறு, தத்து வேறு. தத்தில் பிள்ளை சட்டப்படி உங்கள் பிள்ளை ஆகிவிடும். இதில் பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கலாம். அம்மா நோயில் கிடக்கலாம், அப்பா சிறையில் இருக்கலாம், இருவராலும் இப்போது வளர்க்க முடியாது என்று குழந்தை நலக் குழு முடிவு செய்திருக்கலாம். இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 44 இதைத்தான் சொல்கிறது. பெற்றவர்கள் இடைவெளி விட்டு வந்து பிள்ளையைப் பார்க்கலாம், குழு அது பிள்ளைக்கு நல்லதில்லை என்று நினைத்தால் ஒழிய. அவர்கள் தேறிவிட்டார்கள் என்று குழு முடிவு செய்தால் பிள்ளை அவர்களிடமே திரும்பலாம். நீங்கள் "தரமாட்டேன்" என்றபோது அந்தப் பணியாளருக்கு என்ன கேட்டிருக்கும்? நாளைக்குப் பெற்ற தாய் வாசலில் வந்து நின்றால் இந்த வீட்டுக் கதவு திறக்காது என்றுதான் கேட்டிருக்கும்.

உங்கள் மாமியார் கேட்டதையும் நேராகவே சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் முன் சாதியைக் கேட்கும் வீட்டில் அந்தப் பிள்ளையின் தட்டு எந்த மூலையில் கழுவி வைக்கப்படும் என்ற யோசனை வரும். நான் ஆய்வுக்கு வந்திருந்தாலும் அதே வரியைத்தான் எழுதியிருப்பேன்.

அப்புறம் நடைமுறை. விண்ணப்பத்தை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு பார்க்கும், வீட்டு ஆய்வு அறிக்கை படிவம் 30ல் எழுதப்படும், பிறகு ஒப்புதல் குழு, கடைசியாகக் குழந்தை நலக் குழுவின் உத்தரவு. தலைவரோடு சேர்த்து ஐந்து பேர் கொண்ட குழு அது. அந்தக் குழுவின் உத்தரவாகவே மறுப்பு வந்திருந்தால், வளர்ப்புப் பராமரிப்பு விஷயத்தில் மேல்முறையீடு மாவட்ட ஆட்சியரிடம், 30 நாளுக்குள். உங்களுக்கு அதற்கு முந்தின படியிலேயே நின்றிருப்பது போலத் தெரிகிறது. அப்படியென்றால் சண்டை போடுவதைவிட, எழுதிய காரணத்தைச் சரிசெய்துகொண்டு மறுபடி ஆய்வுக்குக் கேட்பதுதான் வழி. காரணத்தை எழுத்தில் வாங்கிவிட்டீர்களா? இல்லையென்றால் அதை முதலில் வாங்குங்கள்.

வாலாஜா டீச்சர்

நடுவில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். எனக்கு 38, கல்யாணம் ஆகவில்லை, இனி செய்துகொள்ளும் எண்ணமும் இல்லை. தனியாள் விண்ணப்பிக்கலாமா? என்னிடம் ஒருவர் முடியாது என்றார், இன்னொருவர் முடியும் என்றார். அதோடு என் ஆதார் முகவரி இன்னும் வேலூர் மாவட்டம் என்றே இருக்கிறது, 2019ல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த பிறகு நாங்கள் ராணிப்பேட்டை. எங்கே போய்க் கேட்பது?

பழைய வார்டன்

முடியாது என்றவர் பழைய விதியை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார் டீச்சர். முன்பு தம்பதிகளுக்கு மட்டும்தான், 2016 விதிப்படி இருவருமே 35 தாண்டியிருக்க வேண்டும். 2024ல் வந்த புதிய வழிகாட்டு நெறிமுறைப்படி 35லிருந்து 60 வயது வரையுள்ள தனி ஆட்களும் விண்ணப்பிக்கலாம், கல்யாணம் ஆகாதவர், துணையை இழந்தவர், விவாகரத்தானவர் யாராக இருந்தாலும். தனிப் பெண் ஆண்பிள்ளை, பெண்பிள்ளை யாரையும் வளர்க்கலாம், தனி ஆணுக்கு ஆண்பிள்ளை மட்டும். தம்பதிகளுக்கு இரண்டு வருஷமாவது நிலையான மணவாழ்க்கை இருக்க வேண்டும். பிள்ளை சட்டப்படி தத்துக்குத் தகுதியாகிவிட்டால், இரண்டு வருஷம் வளர்த்த குடும்பமே தத்துக்கும் கேட்கலாம், முன்பு அது ஐந்து வருஷமாக இருந்தது. பதிவு இப்போது இணையத்தில்.

நீங்கள் குடியிருக்கும் மாவட்டம்தான் கணக்கு. வாலாஜா என்றால் ராணிப்பேட்டை. ஆதாரையும் ரேஷன் கார்டையும் முதலில் ஒரே முகவரிக்குக் கொண்டுவாருங்கள். பெரிய தடையெல்லாம் தாண்டிவிட்டு இந்த மாதிரிச் சின்ன விஷயத்தில் மாதக்கணக்கில் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தையல்காரி காட்பாடி

சார், நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று முழுக்க ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. கோபம் இல்லை. யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லையே என்றுதான். ஆனால் மனதில் ஒன்று குத்துகிறது. திருப்பித் தரவேண்டும் என்று தெரிந்தே எப்படி ஒரு பிள்ளையிடம் மனதைக் கொடுப்பது? பாதி மனதோடு வளர்க்க எனக்குத் தெரியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது தடவை திரும்பியது தெரிந்ததும் உறவில் ஒருவர் வந்து, ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு ஆள் இருக்கிறார், பணம் கொடுத்தால் பச்சைக் குழந்தையே கிடைக்கும், இந்த அலைச்சல் எல்லாம் எதற்கு என்றார். ஒரு ராத்திரி முழுக்க அதை யோசித்தேன். மறைக்க விரும்பவில்லை, யோசித்தேன்.

பழைய வார்டன்

அம்மா, அந்த ஆளிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாதீர்கள். பிள்ளையை விற்பது மட்டும் இல்லை, வாங்குவதும் குற்றம். அதே இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 81ல் ஐந்து வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்ச ரூபாய் அபராதம். அந்தப் பச்சைக் குழந்தையை யார் மடியிலிருந்து எடுத்து வருகிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? உங்கள் உறவுக்காரருக்கு அந்த ஆளைத் தெரியுமென்றால் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லச் சொல்லுங்கள், நீங்களே சொன்னாலும் சரி.

குடியாத்தம் தறி

சகோதரி, பாதி மனதோடு வளர்க்கத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்காகத்தான் எழுதுகிறேன். நாங்களும் ஒரு தடவை திரும்பியவர்கள்தான். வீட்டில் உள்ள எல்லோருக்கும் மருத்துவப் பரிசோதனை கேட்பார்கள், எச்.ஐ.வி., காசநோய், மஞ்சள் காமாலை பி எல்லாம் பார்ப்பார்கள். அப்போது என் அப்பா காசநோய்க்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். ஆறு மாத மருந்தை முழுக்க முடித்து, சளி சுத்தம் என்று காகிதம் வாங்கின பிறகு மறுபடி போனோம். அப்பாவுக்குத் தன்னால்தான் எல்லாம் நின்றது என்று பெரிய மனக்கஷ்டம். அதனாலேயே ஒரு நாள்கூட மாத்திரையை விடவில்லை.

எங்களிடம் முதலில் வந்தது ஒரு பெண்பிள்ளை, எட்டு வயது. பேர் சொல்லமாட்டேன், சொல்லவும் கூடாது. வந்த முதல் வாரம் சாப்பாட்டுத் தட்டை மடியில் மறைத்துக்கொண்டு சாப்பிட்டாள். ராத்திரியில் விளக்கை அணைக்க விடமாட்டாள். எங்கள் வீட்டில் தறிச் சத்தம் காலையிலேயே ஆரம்பித்துவிடும், அந்தச் சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நூல் ஓடுவதைப் பார்ப்பாள். நாலு மாதம் கழித்துத்தான் முதல் முதலாகச் சத்தம் போட்டுச் சண்டை பிடித்தாள், பென்சிலுக்காக என் மகனோடு. அன்றைக்கு என் மனைவி அழுதுகொண்டே சிரித்தாள்.

பிள்ளையின் அம்மா சிகிச்சையில் இருந்தார். மாதம் ஒரு முறை வருவார். முதல் தடவை வந்தபோது எனக்கு அவர் மேல் கோபம், உண்மையைச் சொல்கிறேன். பிள்ளையை இப்படி விட்டுவிட்டு இப்போது பிஸ்கட் பாக்கெட்டோடு வருகிறாரே என்று. ஆனால் பிள்ளை அவர் மடியில் போய்ப் படுத்த மாதிரி எங்கள் யார் மடியிலும் படுத்ததில்லை. அதைப் பார்த்த பிறகு கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

ஒன்றே முக்கால் வருஷம் எங்களோடு இருந்தாள். பிறகு அம்மாவிடம் போகலாம் என்று உத்தரவு வந்தது. கெங்கையம்மன் சிரசு திருவிழா முடிந்த மறுவாரம். அவள் பையை என் மனைவிதான் அடுக்கினாள், பள்ளிக்கூடத்து நோட்டு, தடுப்பூசி அட்டை, எந்தக் குழம்பு பிடிக்கும் எது ஒத்துக்கொள்ளாது என்று ஒரு காகிதத்தில் எழுதி அவள் அம்மாவிடம் கொடுத்தாள். வீடு பத்து நாள் செத்த வீடு மாதிரி இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் முழு மனதோடு வளர்த்தோம் என்பதால்தான் அவள் அம்மா இன்றைக்கும் திருவிழாவுக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருகிறார். இப்போது ஒரு பையன் எங்களோடு இருக்கிறான், பன்னிரண்டு வயது. அவன் போவானா இருப்பானா தெரியாது. தெரியாமலே வளர்க்கிறோம்.

ஒடுகத்தூர் மனோ

அண்ணா, படித்து முடித்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் கேட்கிறேன், இவ்வளவு நல்லவர்களையே முதல் தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார்களே, அது சரியா?

இல்லத்துப் பையன்

மனோ அண்ணா, நான் பதில் சொல்லலாமா? எனக்கு இப்போது 24. ஆறு வயதிலிருந்து இல்லத்தில் வளர்ந்தேன். எந்த ஊர், எந்த இல்லம் என்று எழுதவில்லை, அது வேண்டாம்.

பதினொரு வயதில் என்னை ஒரு வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வீட்டுக்காரர்கள் எல்லாக் காகிதமும் சரியாக வைத்திருந்தார்கள். பெரிய வீடு, தனிக் கட்டில். ஆனால் அவர்களுக்குக் கடையில் நிற்க ஒரு ஆள் தேவைப்பட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கடை, ராத்திரி பத்து மணி வரை. அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை, ஆனால் அவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் எனக்கு இலை. மாதாமாதம் வந்து பார்க்க வேண்டும் என்பது சட்டம், யாரும் வந்ததாக எனக்கு நினைவில்லை. ஐந்தாவது மாதம் நானே இல்லத்துக்கு ஓடிவந்துவிட்டேன். அரை டிக்கெட் எடுக்கப் பணம் இல்லை, கண்டக்டர் அண்ணா சும்மா விட்டார்.

அடுத்த குடும்பத்துக்கு ஆய்வு நடந்தபோது வந்த மேடம் எங்களையும் கேட்டார், என்னை மட்டும் தனியாக உட்காரவைத்து, உனக்கு என்ன பயம் என்று. சாப்பிடும் நேரம் என்றேன். அவர் அந்தக் குடும்பத்தோடு சேர்ந்து உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு வந்துதான் அறிக்கை எழுதினார் என்று பின்னால் தெரிந்தது. அந்த வீட்டில்தான் பிளஸ் டூ முடித்தேன், இன்றைக்கும் பொங்கலுக்கு அங்கேதான் போகிறேன்.

சோதனை வேண்டாம் என்று சொல்லாதீர்கள் அண்ணா. நீங்கள் அலைகிற ஏழு மாதம் உங்களுக்கு வலிக்கும், தெரியும். தப்பான வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிற ஏழு மாதம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். காட்பாடி அம்மா, உங்களைத் தப்பாகச் சொல்லவில்லை. நீங்கள் இங்கே வந்து எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதியதே எனக்கு நம்பிக்கையாக இருக்கிறது. மூன்றாவது தடவை போங்கள்.

ஒடுகத்தூர் மனோ

தம்பி, நான் எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆய்வு வேண்டும். ஆனால் திருப்பி அனுப்பும்போது ஏன் என்று உட்காரவைத்துச் சொல்லலாம் இல்லையா, அதை மட்டும் விடமாட்டேன்.

பழைய வார்டன்

அது நியாயம் மனோ. ஒரு அலுவலருக்கு ஏகப்பட்ட கோப்புகள் இருக்கும், ஆனாலும் அரை மணி நேரம் பேசியிருந்தால் இந்த அம்மா இரண்டு வரியை வைத்துக்கொண்டு இத்தனை ராத்திரி அழுதிருக்க மாட்டார்.

டீச்சர், நீங்கள் தனிச் செய்தியில் பணம் பற்றிக் கேட்டதை இங்கேயே சொல்கிறேன், மற்றவர்களுக்கும் ஆகும். குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் வளர்ப்புப் பராமரிப்புக்கு மாதம் 4,000 ரூபாய் என்று இருக்கிறது. அதை நம்பி யாரும் இதில் இறங்க வேண்டாம், கேட்பதற்கு வெட்கப்படவும் வேண்டாம். அது பிள்ளையின் பணம், பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு.

தையல்காரி காட்பாடி

இரண்டு வாரம் எழுதவில்லை, மன்னிக்கவும்.

தம்பி எழுதியதை அன்றைக்கு ராத்திரி மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். சாதி பற்றி ஒன்றும் பேசவில்லை, சும்மா வாசித்தேன். "அவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் எனக்கு இலை" என்ற இடத்தில் மாமியார் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் புள்ள இப்ப ஒழுங்கா சாப்பிடுதாமா?" என்று கேட்டார். மறுநாள் காலையில் கே.வி.குப்பத்தில் தன் சித்தி வீட்டில் வளர்ந்த கதையை எடுத்தார். அவருடைய அம்மா சீக்கிரம் போய்விட்டது தெரியும், சித்தி வீட்டில் எல்லோருக்கும் முட்டை வைத்துவிட்டு இவருக்கு மட்டும் வைக்கமாட்டார்கள் என்பது இருபது வருஷமாக அவரோடு இருக்கும் எனக்குத் தெரியாது. மனது மாறிவிட்டதா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நான் கேட்காமலே அவருடைய கட்டிலை ஹாலுக்கு மாற்றச் சொன்னார், உள் அறை பிள்ளைக்கு வேண்டும் என்று.

காரணத்தை எழுத்தில் வாங்கிவிட்டோம். மறுவிண்ணப்பம் போட்டாயிற்று. தீர்ப்பு நகல், மருத்துவச் சான்று, வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரம்மாவிடம் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து எல்லாம் ஒரே ஃபைலில். நேற்று அதே பணியாளர் மறுபடி வந்தார். அதே கேள்வியைக் கேட்பார் என்று தெரியும், வீட்டுக்காரரும் நானும் பேசி வைத்திருந்தோம், ஆனால் கேட்டதும் பேசி வைத்தது எதுவும் வாயில் வரவில்லை. "அழுவேன். ஆனா பைய நானேதான் அடுக்கிக் குடுப்பேன்" என்று மட்டும் சொன்னேன். குடியாத்தம் அண்ணா, உங்கள் மனைவியைத்தான் நினைத்துக்கொண்டேன். பணியாளர் எழுதிக்கொண்டார், என்ன எழுதினார் என்று தெரியாது. அண்ணன் தங்கை இரண்டு பேரைப் பிரிக்காமல் சேர்த்து வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார், நான் மாமியாரைப் பார்த்தேன். முடியும் என்றது மாமியார்தான்.

இன்னும் ஒப்புதல் வரவில்லை. மறுபடியும் திரும்பலாம். அதுவரைக்கும் ஒரு சின்ன சந்தேகம், சிரிக்காமல் சொல்லுங்கள். பிள்ளையின் அம்மா பார்க்க வந்தால் எங்கே உட்காரவைப்பது? ஹாலில் மிஷின், துணி எல்லாம் கிடக்கும். வாசல் திண்ணை பெரியது, நல்ல காற்று வரும்.

குடியாத்தம் தறி

திண்ணை வேண்டாம் சகோதரி. உள்ளே கூப்பிடுங்கள். துணியை ஓரமாக ஒதுக்கி வைத்தால் போதும், சாப்பாட்டு நேரமாகப் பார்த்து வரச்சொல்லுங்கள்.